பொதுக் கட்டடம் எழுப்பும் முன்: பயோடீசலும் சிக்கனக் கட்டுமானமும்



இன்று நம் ஊர்களில் ஏதாவது ஒரு பொதுக் கட்டடப் பணி நடக்காத தெரு குறைவு. பள்ளிவாசல் விரிவாக்கம், மதரஸாவுக்கு மாடி, பெண்கள் கல்லூரி, திருமண மஹால், மருத்துவமனை என்று வேலைகள் நடந்துகொண்டே இருக்கின்றன. இவற்றுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்தவர் அனுப்பியது இருக்கும். வீட்டில் நம் தாய்மார்கள் சிறுகச் சிறுகச் சேர்த்ததும் இருக்கும். அது நிர்வாகிகளின் கையில் இருக்கும் அமானிதம். எத்தனை மாடி, எந்த டைல்ஸ், திறப்பு விழா எந்த மாதம் என்று கேட்க ஆளுக்குக் குறைவில்லை. எத்தனை லிட்டர் டீசல் எரியும், எந்த வகை சிமெண்ட் போடுவார்கள், மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்தான் அரிது.

சமீப காலமாக "பயோடீசல்" என்ற சொல் கட்டட வேலைகளிலும் அடிபடுகிறது. ஜெனரேட்டருக்கு ஊற்றலாம், ஜே.சி.பி.க்கு ஊற்றலாம், புகை குறையும், செலவும் குறையும் என்கிறார்கள். அதில் எவ்வளவு உண்மை, ஒரு பெரிய கட்டடத்தில் உண்மையான சிக்கனம் எங்கே இருக்கிறது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

தாவர எண்ணெயில் எஞ்சின் ஓடுமா?

ஓடும். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். பெட்ரோலிய டீசல் மலிவாகக் கிடைத்ததால் பின்னாளில் அது மறந்துபோனது.

ஆனால் கடலை எண்ணெயையோ பாமாயிலையோ அப்படியே இன்றைய எஞ்சினில் ஊற்றக் கூடாது. அது கெட்டியானது, நுண்ணிய துளை வழியாகப் பீய்ச்சும் பகுதியில் அடைத்துக்கொள்ளும். வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய் இன்னும் கெட்டி. அதனால் எண்ணெயோடு மெத்தனாலையும் சிறிது காஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்குகிறார்கள். எண்ணெயின் பெரிய மூலக்கூறு உடைந்து, மேலே மெல்லிய எரிபொருளாகவும் கீழே கிளிசரினாகவும் பிரிகிறது. மேலே நிற்பதுதான் பயோடீசல். நூறு லிட்டர் நல்ல எண்ணெய்க்கு ஏறக்குறைய நூறு லிட்டர் பயோடீசல் வரும். கிளிசரின் பத்து பங்கு போல ஒதுங்கும். அதை எஞ்சினில் பெரும்பாலும் சாதாரண டீசலோடு கலந்தே பயன்படுத்துவார்கள். 20 பங்கு கலந்தால் பி-20 என்பார்கள். நம் மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று காட்டும் வீடியோக்கள் இளைஞர்களிடையே சுற்றுகின்றன. வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது இதே மெத்தனால்தான். கண்ணுக்குத் தெரியாத நீலச் சுடரில் எரியும். ஆவியை முகர்ந்தாலும் தோலில் பட்டாலும் உடலுக்குள் போகும். அது ஆலையில் நடக்க வேண்டிய வேலை.

எந்த எண்ணெய் என்பதில்தான் விஷயம்

காட்டாமணக்கு நினைவிருக்கிறதா? இருபது ஆண்டுகளுக்கு முன் தரிசு நிலமெல்லாம் காட்டாமணக்கு நட்டால் டீசல் இறக்குமதியே குறையும் என்று நாடெங்கும் பேசினார்கள். தமிழ்நாட்டிலும் நட்டார்கள். 2017-க்குள் 20 சதவீதம் உயிரி எரிபொருள் என்று 2009-இல் கொள்கையே வெளியானது. வறண்ட நிலத்தில் செடி பிழைத்தது, காய்தான் காய்க்கவில்லை. தண்ணீரும் உரமும் கொடுத்தால் காய்த்தது. அதைக் கொடுக்க முடிந்த விவசாயி ஏன் காட்டாமணக்கு நட வேண்டும்? திட்டம் அங்கேயே நின்றது.

இந்தோனேசியாவில் பாமாயிலிலிருந்து ஏராளமான பயோடீசல் செய்கிறார்கள். காட்டை அழித்து நட்ட பனையிலிருந்து வரும் எண்ணெய் என்றால் அதைப் பசுமை எரிபொருள் என்று சொல்வது பெயரளவில்தான். காடு அழிந்தபோது வெளியான கரியமில வாயுவை அந்தத் தோட்டம் ஈடுகட்டவே பல பத்தாண்டுகள் ஆகும். மனிதர் உண்ணும் எண்ணெயை எஞ்சினுக்கு ஊற்றுவது சரியா என்ற கேள்வியும் உண்டு. ஆகவே என் கணிப்பில், பயோடீசலுக்கு நேர்மையான மூலப்பொருள் ஒன்றே ஒன்று: ஏற்கெனவே பொரித்து முடித்து, இனி யாரும் சாப்பிடக் கூடாத எண்ணெய்.

அது நம்மிடம் தாராளமாக இருக்கிறது. ரமளான் மாதத்தில் அஸருக்குப் பின் எந்தத் தெருவில் நடந்தாலும் சமோசாவும் வடையும் பஜ்ஜியும் கொதிக்கும் சட்டிகள்தான். திருமண மஹால்களில் சிக்கன் 65 பொரித்த எண்ணெய் டின் டின்னாக மிஞ்சும். அது எங்கே போகிறது? சில இடங்களில் சாக்கடையில் கொட்டி, அங்கே உறைந்து குழாயை அடைக்கிறது. மற்ற இடங்களில் நடப்பது அதைவிட மோசம். கறுத்த எண்ணெயைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போய், மீண்டும் சமையலுக்கே விற்பவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது அதில் கெட்டுப்போன சேர்மங்கள் கூடிக்கொண்டே வரும். அவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதே ஆண்டில் "ரூகோ" என்ற திட்டத்தையும் ஆணையம் தொடங்கியது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் உணவகங்கள் அதற்குப் பதிவேடு வைத்து, பழைய எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். அவர்கள் லிட்டருக்கு விலையும் தருகிறார்கள். உங்கள் பகுதியில் சேகரிப்பவர் யார் என்பதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

ஒரு மஹல்லாவில் 500 வீடுகள் இருந்து, வீட்டுக்கு மாதம் அரை லிட்டர் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 250 லிட்டர். சகோதரிகளுக்கு வேலை அதிகமில்லை. எண்ணெய் ஆறியதும் வடிகட்டி, தண்ணீர் கலக்காமல் ஒரு பிளாஸ்டிக் கேனில் ஊற்றி வைத்தால் போதும். தண்ணீரும் மாவுத் துகளும் கலந்த எண்ணெய் பயோடீசலாக மாறாமல் சோப்பாக மாறிவிடும்; சேகரிப்பவர் வாங்க மாட்டார்.

கட்டடத் தளத்தில்

டீசல் புகையால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதிப்படுத்தியது. நம் கட்டடங்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் மதரஸாவின் பக்கத்திலோ, தொழுகை நடந்துகொண்டிருக்கும் பள்ளியின் வளாகத்திலோதான் எழுகின்றன. ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்த ஜன்னலைப் பார்த்து நிற்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பயோடீசல் கலந்தால் கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் குறையும். நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் பழைய எஞ்சின்களில் சற்றே கூடலாம். தீப்பிடிக்கும் வெப்பநிலை டீசலைவிட வெகுவாக உயர்ந்தது என்பதால், தளத்தில் சேமித்து வைப்பதில் ஆபத்தும் குறைவு. இவை நன்மைகள். தொல்லைகளையும் சொல்ல வேண்டும். அது நல்ல கரைப்பான். பல வருடமாக டேங்கின் அடியில் படிந்த அழுக்கையெல்லாம் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரை அடைக்கும். ஆகவே முதல் சில வாரங்களில் ஒரு ஃபில்டரைக் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஆறு மாதத்துக்கு மேல் வைத்தால் கெடும். வேலை நின்றுபோன தளத்தில் பேரலில் விட்டுவைக்கக் கூடாது. பாமாயிலிலிருந்து செய்தது குளிரில் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் ரேஷன் பாமாயில் பாக்கெட் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியுமே. ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் கட்டுபவர்கள் கவனிக்க. லிட்டருக்கு அது தரும் சக்தியும் டீசலைவிட 8 சதவீதம் போலக் குறைவு. எஞ்சின் தயாரித்த நிறுவனம் எவ்வளவு கலப்பை அனுமதிக்கிறது என்று எழுத்தில் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் வாரண்டி போய்விடும்.

போலியும் புழங்குகிறது. குஜராத்தில் தொழிற்சாலை எண்ணெய்களை "பயோடீசல்" என்று சொல்லி லாரிகளுக்கு விற்றதாக ஏராளமான வழக்குகள் பதிவாயின. பதிவு பெற்ற உற்பத்தியாளரிடம் ரசீதோடு வாங்க வேண்டும், ஐ.எஸ். 15607 தரத்தின்படி எடுத்த பரிசோதனை அறிக்கையையும் கேட்க வேண்டும். அதைக் காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். லண்டனிலிருந்து பர்மிங்ஹாமுக்குப் போடும் ஹெச்.எஸ்.2 அதிவேக ரயில் பாதையின் ஒரு தளத்தை, டீசலே எரிக்காத தளம் என்று 2022-இல் அறிவித்தார்கள். அங்கே பயன்பட்டது பயோடீசலுக்கு உறவான இன்னொரு எரிபொருள்: பழைய எண்ணெயை ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்து, ஏறக்குறைய டீசலாகவே மாற்றியது. கூடவே மின்சாரக் கிரேனும் மின் இணைப்பும் இருந்தன. ஆனால் கழிவு எண்ணெய் என்ற பெயரில் புதுப் பாமாயிலே கலந்து வருகிறதோ என்ற சந்தேகம் ஐரோப்பாவில் எழுந்து, விசாரணை வரை போயிருக்கிறது. மூலம் எது என்று கேட்காமல் பசுமை எரிபொருள் வாங்க முடியாது என்பது அவர்களுக்கும் இப்போது தெரியும்.

அந்தத் தளத்தில் நமக்கு எளிதாகக் கைவருவது எண்ணெயைவிட மின் இணைப்புதான். அஸ்திவாரம் தோண்டும் முன்பே மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், கலவை எந்திரம், வைப்ரேட்டர், கம்பி வெட்டும் எந்திரம், தண்ணீர் மோட்டார் எல்லாம் மின்சாரத்தில் ஓடும். ஜெனரேட்டர் மின்வெட்டுக்கு மட்டும் போதும். பி-20 ஊற்றி மிச்சமாகும் டீசலைவிட இதில் மிச்சமாவது மிக அதிகம்.

இப்போது ஒரு கணக்கு

10,000 சதுர அடியில் மூன்று மாடி மஹால் ஒன்று கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வேலை முடியும்வரை எல்லா எந்திரமும் சேர்ந்து 4,000 லிட்டர் டீசல் குடிக்கிறது என்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். மொத்தம் 11 டன்னுக்குச் சற்றுக் குறைவு. முழுவதும் பி-20 பயன்படுத்தினால் நன்றாகக் கணக்கிட்டாலும் மிச்சம் 2 டன்.

இனி சிமெண்டைப் பாருங்கள். சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற வழக்கமான கணக்கில் 4,000 மூட்டை, அதாவது 200 டன். சிமெண்டின் மூலப்பொருள் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லை 1,400 டிகிரிக்கு மேல் சுட்டு அதைச் செய்கிறார்கள். சுடும்போது எரிபொருளிலிருந்து கரியமில வாயு வருகிறது. கல்லுக்குள் இருந்தே அதைவிட அதிகம் வருகிறது. ஒரு டன் கிளிங்கருக்கு முக்கால் டன்னுக்கு மேல் வாயு. ஓ.பி.சி. என்னும் சாதாரண சிமெண்ட் பெரும்பாலும் கிளிங்கரே. பி.பி.சி. என்பதில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை கலந்திருக்கும். அந்த அளவுக்குக் கிளிங்கர் குறையும். நம் 200 டன்னுக்கு ஓ.பி.சி. போட்டால் சுமார் 160 டன் கரியமில வாயு, பி.பி.சி. போட்டால் 120-க்கு அருகில். ஒரு மூட்டையின் பெயரை மாற்றியதில் 40 டன். பயோடீசல் தந்த 2 டன்னைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்காகப் பழைய எண்ணெய் சேகரிப்பதை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அது நம் பிள்ளைகளின் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் செய்யும் நன்மை; அதை அந்தக் கணக்கிலேயே செய்ய வேண்டும். ஆனால் ஜெனரேட்டரில் பயோடீசல் ஊற்றிவிட்டுக் கட்டடத்தின் முகப்பில் "பசுமைக் கட்டடம்" என்று பலகை வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

பி.பி.சி. என்றால் பலம் குறைவு என்று மேஸ்திரிகள் சிலர் சொல்வார்கள். முதல் சில நாட்களில் அது மெதுவாகத்தான் இறுகும், அதுவரை உண்மை. பலகையைச் சீக்கிரம் பிரித்து அடுத்த தளத்துக்குப் போக நினைக்கும் கான்ட்ராக்டருக்கு அதனால்தான் ஓ.பி.சி. 53 கிரேடு பிடிக்கும். பின்னாளில் பி.பி.சி. கான்கிரீட் நெருக்கமாக இறுகி, உப்பை உள்ளே விடாமல் தடுக்கும். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? அங்கெல்லாம் இருபது முப்பது வருடத்திலேயே கம்பி துருப்பிடித்து, சீலிங் காரை பெயர்ந்து விழும் கட்டடங்களைப் பார்க்கிறோம். முப்பது வருடத்தில் இடித்துக் கட்ட வேண்டிய கட்டடம் எந்த எரிபொருளில் எழுந்திருந்தாலும் வீண் விரயம்தான். ஜமாஅத்தார் மறுபடி வசூலுக்கு இறங்க வேண்டும்.

கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 குறைந்தபட்சம் எம்-30 கலவையும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கும் கேட்கிறது. தண்ணீர் நனைப்பது ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி.க்குக் குறைந்தது 10 நாள். கொளுத்தும் வெயிலில் இன்னும் கூட்ட வேண்டும். தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கலாம். தூண்களுக்கு ஈரக் கோணிச்சாக்கைச் சுற்றி வைத்தால், குழாயைப் பிடித்து அடிப்பதைவிடத் தண்ணீர் பாதிகூடச் செலவாகாது.

மணலும் தண்ணீரும் இடிபாடும்

மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு காலத்தில் பவளப்பாறையையே வெட்டிச் சுண்ணாம்பாகச் சுட்டார்கள், கட்டடக் கல்லாகவும் அடுக்கினார்கள். 2001-இல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் வந்த பிறகு அது குற்றம். ஆற்று மணலின் கதையும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. நல்ல எம்-சாண்டில் தைரியமாகக் கட்டலாம். ஆனால் எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூளை இறக்கிவிடுவார்கள். தூள் மிகுந்தால் கலவை அதிகத் தண்ணீர் கேட்கும், பின்னால் விரிசல் விடும். பொதுப்பணித் துறை தரச்சான்று கொடுத்த ஆலையிலிருந்துதான் வாங்க வேண்டும்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். சட்டத்துக்காக ஒரு குழாயை மண்ணில் செருகி வைப்பதோடு நின்றுவிடுகிறோம். ஒளூச் செய்யும் தண்ணீரில் சோப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. அதைத் தனிக் குழாயில் பிரித்து ஒரு தொட்டிக்கு விட்டால் கழிவறைக்கும் தென்னைக்கும் போதும். இந்தப் பிரிப்பைக் குழாய் பதிக்கும்போதே செய்தால்தான் உண்டு. பிறகு டைல்ஸை உடைக்க யாருக்கும் மனம் வராது.

பழைய கட்டடத்தை இடிப்பதானால் தேக்கு நிலை, கதவு, ஓடு, நல்ல செங்கல் எல்லாவற்றையும் முதலில் கையால் கழற்றி எடுக்க வேண்டும். உடைந்த செங்கல் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு ஜல்லியாகும். மிச்ச இடிபாட்டைக் குளத்திலும் வாய்க்காலிலும் கொட்டும் லாரிக்குக் காசு கொடுத்து அனுப்பாதீர்கள். சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாட்டை அரைத்து ஜல்லியாக்கும் நிலையங்கள் இருக்கின்றன.

கேம்பிரிட்ஜில் ஒரு பள்ளிவாசல்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 2019-இல் திறக்கப்பட்ட மத்தியப் பள்ளிவாசல் சுமார் ஆயிரம் பேர் தொழக்கூடியது. லண்டன் ஐ ராட்டினத்தை வடிவமைத்த அதே கட்டடக்கலை நிறுவனம் வரைந்தது. தூண்கள் கான்கிரீட்டில் இல்லை. ஸ்புரூஸ் மரத்தை அடுக்கடுக்காக ஒட்டி வளைத்து, மரக்கிளைகள் மேலே பின்னிக்கொள்வது போல அமைத்திருக்கிறார்கள். கூரையின் வட்டத் திறப்புகள் வழியாக வெளிச்சம் இறங்குவதால் பகலில் விளக்குத் தேவையில்லை. மழைநீர் கழிவறைக்கும் தோட்டத்துக்கும் போகிறது.

அந்த மரம் நம் ஊருக்கு ஒத்துவராது. கறையானும் விலையும் இடம் கொடுக்காது. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. வெளிச்சம், தண்ணீர், கட்டுமானப் பொருள் மூன்றையும் வரைபடத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். நம்மில் பலர் கட்டி முடித்த பின் இருட்டாக இருக்கிறது என்று டியூப் லைட்டும், வெக்கையாக இருக்கிறது என்று ஏ.சி.யும் மாட்டி, மாதாமாதம் மின்கட்டணத்துக்கு வசூல் செய்கிறோம். வடக்கிலும் தெற்கிலும் உயரமான ஜன்னல், மொட்டைமாடியில் வெள்ளை ஓடு, மேற்குச் சுவருக்கு ஒரு தாழ்வாரம் ஆகிய இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. மினாராவின் உயரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை; அது ஒவ்வோர் ஊரின் பிரியம்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

வாய்ச்சொல் தளத்தில் நிற்காது. கான்ட்ராக்டரோடு எழுதும் ஒப்பந்தத்திலேயே சிமெண்டின் வகை, கான்கிரீட்டின் தரம், மூடாக்கின் அளவு, எம்-சாண்ட் எந்த ஆலையிலிருந்து என்பது, நனைக்கும் நாட்கள், பலகை பிரிக்கும் நாள், இடிபாடு போகும் இடம் எல்லாம் வர வேண்டும். தற்காலிக மின் இணைப்புக்கு யார் விண்ணப்பிப்பது, யார் பணம் கட்டுவது என்பதையும் எழுதிவிடுங்கள். அது எழுதாமல் விட்ட இடங்களில்தான் ஜெனரேட்டர் நாள் முழுதும் ஓடுகிறது. பயோடீசல் பயன்படுத்துவதானால் கலப்பின் அளவையும், ஒவ்வொரு லோடுக்கும் பரிசோதனை அறிக்கை தர வேண்டும் என்பதையும் சேருங்கள். ஒவ்வொரு கான்கிரீட் நாளிலும் கட்டி எடுத்து, 28-ஆம் நாள் உடைத்துப் பார்த்த அறிக்கை வந்த பிறகுதான் அந்தத் தளத்துக்கான பணத்தைக் கொடுக்க வேண்டும்.

தளத்தில் ஒரு நோட்டும் வைக்க வேண்டும். அன்று இறங்கிய மூட்டை எத்தனை, எரிந்த டீசல் எத்தனை லிட்டர், எந்தத் தளத்துக்கு எத்தனையாவது நாள் நனைப்பு என்பதை மாலையில் எழுதிக் கையெழுத்துப் போட, மஹல்லாவில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரோ ஒரு பொறியியல் மாணவரோ போதும். அந்த நோட்டை மாதம் ஒருமுறை ஜும்ஆவுக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும்படி அலுவலக மேசையில் வைத்துவிடலாம்.